அலங்காநல்லூர் வாடிவாசலா, கீழக்கரை அரங்கமா?

மார்கழி பிறந்தால் போதும், மதுரைப் பக்கம் நாலு ஜல்லிக்கட்டு ரசிகர்கள் சேரும் இடத்தில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டை ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலிலேயே (மாடு களத்துக்குள் பாய்ந்து வரும் வாசல்) நடத்துவதா, இல்லை பக்கத்தில் கீழக்கரையில் அரசு கட்டியிருக்கும் பெரிய அரங்கத்துக்குக் கொண்டுபோவதா? (ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் கீழக்கரை இல்லை. இது வகுத்துமலை அடிவாரத்தில் உள்ள சின்ன ஊர்.) அரங்கம் திறந்தது 2024 ஜனவரி 24. அதற்குப் பிறகும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்ற மூன்று ஊர் ஜல்லிக்கட்டும் அதனதன் இடத்தில்தான் நடக்கின்றன. ஆனாலும் விவாதம் ஓயவில்லை. ஒவ்வொரு வருஷமும் யாராவது குத்துப்பட்டால், கேலரியில் நெரிசல் என்றால், ஒரு மாட்டுக்காரர் மாட்டை அவிழ்க்க அனுமதி டோக்கன் கிடைக்காமல் திரும்பிப் போனால், "அதான் அவ்வளவு பெரிய அரங்கம் கட்டி வச்சிருக்காங்கல்ல, அங்க கொண்டுபோங்கப்பா" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "கொண்டுபோய்ப் பாருங்க" என்று எதிர்ப்பக்கத்தில் இன்னொருவர் வேட்டியை மடித்துக் கட்டுவார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நியாயங்கள் வேறு வேறு ஆட்களுடையவை. பார்க்க வருகிறவருக்கு ஒரு கணக்கு, மாடு அணைகிற பையனுக்கு ஒரு கணக்கு, மாட்டுக்காரருக்கு ஒரு கணக்கு, ஊருக்கு ஒரு கணக்கு. எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுவதால்தான் பேச்சு சண்டையாகிறது.

முதலில் பார்க்க வருகிறவர். இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை, அரங்கம்தான் மேல். 66 ஏக்கருக்கு மேல் இடம், அறுபது கோடி ரூபாய்க்கு மேல் செலவு. படிக்கட்டு இருக்கை, தலைக்கு மேல் நிழல், வண்டி நிறுத்த இடம், கழிப்பறை என்று எல்லாம் உண்டு. அலங்காநல்லூரில் தை மூன்றாம் நாள் வெளியூர்க்காரர் ஒருவர் போய் இறங்கினால் என்ன பார்ப்பார்? முக்கால்வாசி நேரம் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான். கேலரியில் ஏறப் பாஸ் வேண்டும், பாஸுக்குத் தெரிந்த ஆள் வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்குச் சுற்றுலாத் துறை தனி மாடம் ஒதுக்குகிறது. உள்ளூர்க்காரர்களுக்கு மாமன் வீட்டு மொட்டை மாடி இருக்கிறது. இரண்டும் இல்லாதவர் தெருமுனையில் வைத்த பெரிய திரையில், இல்லையென்றால் செல்போனில், நூறடி தள்ளி நடப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். பெண்கள் பாடு இதைவிட மோசம். காலை ஏழு மணிக்கு வந்து மாலை வரை உட்கார வேண்டிய இடத்தில் கழிப்பறைக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? இந்த ஒரு காரணத்துக்காகவே தன் அக்கா தங்கைகளைக் கூட்டிப்போகத் தயங்குகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய.

ஒரே ஒரு குறை, அரங்கத்தில் இருக்கை சில ஆயிரம்தான். பொங்கல் கூட்டம் அதற்குள் அடங்காது. அங்கே கொண்டுபோனாலும் பாஸ் கதை தொடரும், வாசல் மட்டும்தான் மாறும்.

அடுத்து மாடுபிடி வீரர்கள். இவர்களைக் கேட்டால் பாதிப்பேர் தோளைக் குலுக்குவார்கள். தரையில் தென்னைநார்க் கழிவு நன்றாகப் பரப்பியிருக்கிறதா, தடுப்புக் கம்பியில் ஏறிக்கொள்ள வாட்டமாக இருக்கிறதா, மருத்துவக் குழு பக்கத்தில் நிற்கிறதா, இதுதான் அவர்கள் கேள்வி. இதெல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களுக்கு அரங்கத்தின்மேல் ஆசை வர வேண்டிய நியாயம் இருக்கிறது: எண்ணிக்கை. 2024 அலங்காநல்லூரில் முதலிடம் பிடித்தவர் 18 மாடு, இரண்டாமவர் 17 மாடு. கணக்கு தப்பு என்று இரண்டாமவர் தரப்பில் பெரிய புகார் எழுந்தது. ஒரு மாடு வித்தியாசத்தில் முதல் பரிசான கார் கைமாறுகிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கூட்டமாகப் பாயும்போது திமிலில் முதலில் விழுந்த கை யாருடையது, எல்லைக்கோடு வரை தொங்கியவர் யார் என்று மைக் பிடித்தவர் கண்ணை மட்டும் நம்பிச் சொல்வது கஷ்டம். நிரந்தரக் கட்டடத்தில் நாலு பக்கமும் நிலையாகக் கேமரா வைக்கலாம், திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். அதே 17 மாடு பிடித்த பூவந்திக்காரர்தான் அடுத்த வாரமே கீழக்கரைத் திறப்பு விழாப் போட்டியில் முதலிடம் பிடித்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார் என்பது தனிக் கதை.

மாட்டுக்காரர்களின் கணக்குக்கு வருவோம். விவாதத்தில் இதைத்தான் யாரும் சரியாகப் பேசுவதில்லை. இருக்கை, நிழல், பார்வை என்று எல்லாரும் வாடிவாசலுக்கு முன்னால் நடப்பதையே பேசுகிறார்கள். மாட்டுக்காரரின் கவலை வாடிவாசலுக்குப் பின்னாலும், களத்தைத் தாண்டிய பிறகும்தான்.

ஒரு மாடு அவிழ்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது புரியும். முந்தின ராத்திரியே குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பனி, பசி, பக்கத்து மாட்டின் உறுமல். விடிந்ததும் கால்நடை மருத்துவர் சோதனை, டோக்கன் சரிபார்ப்பு. பிறகு ஆள் நுழையும் அகலத்தில் இருக்கும் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து நகர்ந்து, வாடியின் இருட்டுக்குள் மாட்டைக் கொண்டு நிறுத்தி, மூக்கணாங்கயிற்றை அறுத்துவிடுவார்கள். மாடு வெளியே பாய்வது ஒரு சில நொடி. மைக்கில் "தொட்டுப் பார், தொட்டுப் பார்" என்று கத்தும்போதே மாட்டுக்காரர் கையில் கயிற்றோடு சுற்றி வளைத்து ஓட ஆரம்பித்துவிடுவார். மாடு களத்தைக் கடந்து போய்ச் சேரும் இடத்துக்கு அவர் போயாக வேண்டும். ஏனென்றால் அந்த மாடு வேறு யாருக்கும் அடங்காது. வீட்டில் தவிடு வைக்கும் பொண்ணு பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாய்க்குட்டி மாதிரி வந்து நிற்கும். மிரண்டுபோய் நிற்கும்போது அந்நியன் கயிறு போட வந்தால் குத்திவிடும்.

ஊருக்குள் இந்தக் கடைசிக் கட்டம்தான் பெரிய ஆபத்து. இரண்டு பக்கம் வீடு, கடை, நிற்கும் வண்டிகள், வேடிக்கை பார்க்கும் ஜனம். மாட்டுக்காரர் ஒரு சந்தில் ஓடிவர, மாடு வேறு சந்தில் திரும்பிவிடும். ஜல்லிக்கட்டில் உயிர்போனது என்று செய்தி வந்தால் உடனே "மாடு பிடிக்கப் போன பையன்" என்று நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் அது வெளியேறும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவராகவோ, சொந்த மாட்டைப் பிடிக்கப் போனவராகவோ இருக்கும். 2017-இல் வந்த ஜல்லிக்கட்டு விதிகள் இரட்டைத் தடுப்பு, காளை சேருமிடம் என்று எல்லாம் கேட்கின்றன. மாவட்ட நிர்வாகம் முடிந்தவரை கட்டுகிறது. ஆனால் தெருவை நீட்ட முடியாது.

கீழக்கரையில் அந்தச் சிக்கல் இருக்க வேண்டியதில்லை. நிலம் தாராளம். களத்திலிருந்து நீளமாகத் தடுப்புப் பாதை போட்டு, மாடு ஓடி அலுத்து நிற்கும் அளவுக்குப் பெரிய அடைப்பு கட்டி, மாட்டுக்காரருக்கென்று தனி வழி விட்டால், பார்வையாளர் யாரும் மாட்டின் கண்ணிலேயே பட வேண்டாம். பாதுகாப்பு என்று பேசுகிறவர்கள் இருக்கை எண்ணிக்கையை விட்டுவிட்டு இதைப் பேசினால் அவர்கள் வாதத்துக்குப் பலம் கூடும். எனக்கு அரங்கத்தின்மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் கொண்டுபோய்விடலாமே? இங்கேதான் ஊர் வருகிறது.

அலங்காநல்லூரில் முதலில் வருவது கோயில் காளைகள். மாலை போட்டு, கொட்டு முழக்கி, முனியாண்டி சாமியையும் காளியம்மனையும் முத்தாலம்மனையும் கும்பிட்டு, அந்த மாடுகளை அவிழ்க்கும்போது களத்தில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். அதுவரை துள்ளிக்கொண்டிருந்த பையன்கள் ஒதுங்கி நின்று கும்பிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மற்ற மாடு. இது போட்டியின் தொடக்க விழா இல்லை. நேர்த்திக்கடனுக்காக வளர்த்த மாட்டை அந்த ஊர் மந்தைத் திடலில் அவிழ்த்துவிடுவதுதான் திருவிழா, போட்டி அதன்மேல் வளர்ந்தது. கோயில் காளையை வண்டியேற்றிக் கீழக்கரைக்குக் கொண்டுபோகலாம். சாமியை ஏற்ற முடியாது.

அன்றைக்கு ஊரில் ஒவ்வொரு வீடும் உறவுக்காரர்களால் நிரம்பியிருக்கும். கல்யாணமாகிப் போன பெண்கள் பிள்ளைகளோடு வந்திருப்பார்கள். கறி வேகும் வாசம் தெருவெல்லாம். மாடியில் நிற்கும் சித்தப்பாவுக்கு வாடிவாசல் பாதிதான் தெரியும், அதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. டீக்கடைக்காரர், இட்லிக்கடை அக்கா, கரும்புச்சாறு வண்டி எல்லாருக்கும் அந்த ஒரு நாள் வியாபாரம் பெரிது. அரங்கத்தில் கடை போட ஏலம் விடுவார்கள், ஏலத்தை எடுப்பவர் ஊர்க்காரராக இருப்பார் என்று எந்த உறுதியும் இல்லை.

அப்புறம் 2017. உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தடை விதித்த பிறகு மூன்று பொங்கல் வெறுமையாகப் போனது. 2017 ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் ஜனம் வாடிவாசல் பக்கம் உட்கார்ந்தது. மறுநாள் காலை போலீஸ் அவர்களைக் கைதுசெய்த செய்தி பரவித்தான் சென்னையில் மெரினா நிரம்பியது, மதுரையில் தமுக்கம் நிரம்பியது. அவசரச் சட்டம் வந்தது. ஜனவரி 22 அன்று போட்டியைத் தொடங்கிவைக்க அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வமே மதுரைக்கு வந்தார். நிரந்தரச் சட்டம் வராமல் வாடி திறக்காது என்று ஊர் சொல்லிவிட்டது, அவர் திரும்பிப் போனார். சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறிய பிறகு பிப்ரவரி 10 அன்றுதான் மாடு அவிழ்ந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் சரி என்றது. முதலமைச்சர் வந்தும் திறக்காத வாடிவாசலை "கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஓர் அரசாணை போட்டு நகர்த்திவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஊரைத் தெரியவில்லை.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. இங்கிலாந்தில் ரக்பி ரசிகர்கள் இதே மாதிரி மைதானச் சண்டையில் வருஷக்கணக்காகப் புழுங்கியிருக்கிறார்கள். 1867-இல் தொடங்கிய வாஸ்ப்ஸ் என்ற லண்டன் கிளப், கடைசியாக லண்டனுக்கு வெளியே ஹை விக்கமில் ஆடிக்கொண்டிருந்தது. 2014 டிசம்பரில் தொலைதூரத்து நகரமான கவென்ட்ரியின் பெரிய அரங்கத்துக்கு மாறியது. அரங்கமே சொந்தம், முப்பதாயிரத்துக்கு மேல் இருக்கை. 2022 அக்டோபரில் கடனில் மூழ்கித் திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது. இடமாற்றம்தான் காரணம் என்று ஒற்றை வரியில் சொல்ல முடியாது, கடன்தான் கழுத்தைப் பிடித்தது. ஆனால் பழைய ஆட்களில் பலர் அந்தத் தூரத்தைத் தாண்டிப் போகவில்லை. அதே 2014-இல் பிரிஸ்டல் ரக்பி அணியும் இடம் மாறியது. அவர்கள் விட்டுவந்தது முதல் உலகப் போரில் செத்துப்போன அந்த ஊர் ரக்பி வீரர்களின் நினைவாக 1921-இல் திறந்த மைதானம். நம் மந்தைக்குக் கொஞ்சமும் குறையாத நினைவு அதற்கும் உண்டு. ஆனால் போனது அதே நகரத்தின் இன்னொரு பக்கத்துக்கு. அணி நன்றாகவே இருக்கிறது.

கீழக்கரையும் பக்கம்தானே, பிரிஸ்டல் மாதிரி ஆகாதா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரக்பி கிளப் வாராவாரம் ஆடுகிறது, எதிரணி வருகிறது, டிக்கெட் விற்கிறது. அது எங்கே போனாலும் அதே கிளப். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு கிளப் இல்லை. வீரர்கள் வேறு ஊர், மாடுகள் வேறு மாவட்டம், பரிசு கொடுப்பவர்கள் எங்கெங்கோ இருந்து. இதில் அலங்காநல்லூருக்கு என்று சொந்தமாக இருப்பது நாளும் இடமும் கோயில் மாடும்தான். அவற்றில் இடத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நல்ல போட்டி. அதற்கு அலங்காநல்லூர் என்ற பேர் எதற்கு?

நடுவில் மூன்றாவது யோசனை ஒன்றும் உலவுகிறது: பழைய இடத்தையே சீர்செய்து, நிரந்தர கேலரி கட்டி, வெளியேறும் பாதையை அகலப்படுத்துவது. கேட்க நன்றாக இருக்கிறது. அகலப்படுத்த வேண்டுமென்றால் வீடுகளை எடுக்க வேண்டும், யார் வீட்டை என்று சொல்லத்தான் ஆளில்லை. நிரந்தர கேலரி வந்தால் மிச்ச முந்நூற்றுச் சொச்சம் நாளும் ஊர் நடுவில் சிமெண்ட் எலும்புக்கூடு நிற்கும். இதில் பாலமேட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், மஞ்சமலை ஆற்றுத் திடல் கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. சிங்கம்புணரிப் பக்கம் அரளிப்பாறைக்குப் போனால் மாசி மகத்தன்று பாறைதான் கேலரி, ஜனம் மேலே உட்கார்ந்து மஞ்சுவிரட்டு பார்க்கும். எல்லா ஊருக்கும் பாறை வாய்க்காது.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். தை மூன்று ஊரில்தான். அதற்காக அரங்கம் வீண் என்று நான் சொல்லவில்லை. அதற்கு உரிய வேலையை நாம் கேட்காமல் இருக்கிறோம் என்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 2024 பொங்கலுக்கு மதுரை மாவட்டத்தின் மூன்று போட்டிகளுக்கும் சேர்த்து இணையத்தில் பதிந்த காளைகள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். ஒரு போட்டியில் காலையிலிருந்து மாலை வரை அவிழ்க்க முடிவது ஆயிரத்தையொட்டி. மூன்றும் சேர்ந்தால் மூவாயிரம் என்று வையுங்கள். ஒரு மாடு மூன்றில் ஒன்றில்தான் இறங்கலாம் என்று நிர்வாகம் கட்டுப்பாடு வைத்தும் இதுதான் நிலைமை. மிச்சம் ஒன்பதாயிரம் மாடு? பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் போட்டு, நீச்சலும் மண்குத்தும் பழக்கி, வருஷம் முழுக்கப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர் டோக்கன் வராத செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வருஷம் வாடி பார்க்காத மாட்டை எத்தனை பேர் வைத்துத் தீனி போடுவார்கள்? நம் நாட்டு இனமான புலிக்குளம் மாடு அழியக் கூடாது என்று மேடையில் பேசுகிறோம். அது நிற்பதா போவதா என்று முடிவாவது இந்த டோக்கனில்தான்.

சட்டம் ஜனவரியிலிருந்து மே வரை போட்டி நடத்த இடம் தருகிறது. தை கடைசியிலிருந்து சித்திரை வரை சனி ஞாயிறுகளில் கீழக்கரையில் நடத்தினால் அந்த ஒன்பதாயிரத்தில் கணிசமானவை களம் காணும். அங்கே சாமி இடம் மாறும் பேச்சே இல்லை, ஊர்க்காரர் சண்டைக்கும் வர மாட்டார். வெளியூர்க்காரர், குடும்பத்தோடு வருகிறவர், முதன்முதலாகப் பார்க்கிற கல்லூரிப் பெண்கள் எல்லாரும் நிழலில் உட்கார்ந்து பார்க்கலாம். கேமரா வைத்து எண்ணிப் பழகிக்கொண்டால் அதை அடுத்த தைக்கு அலங்காநல்லூருக்கே இறக்கலாம். அடைப்பும் வெளியேறும் பாதையும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் அங்கேதான் பரிசோதனை நடத்த முடியும்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. பெரிய பரிசு எங்கேயோ நல்ல மாடு அங்கே. கீழக்கரையில் ஜீப்பும் டிராக்டரும் தொடர்ந்து வைத்தால், மாட்டுக்காரர்கள் தங்கள் நல்ல மாட்டைத் தையில் இறக்காமல் மாசிக்கு ஒதுக்கிவைக்க ஆரம்பிப்பார்கள். அப்போது அலங்காநல்லூர் யாரும் நகர்த்தாமலே நகர்ந்துவிடும். அதனால் கீழக்கரைப் பரிசு சின்னதாகவே இருக்கட்டும். ஜெயித்த மாட்டுக்குக் கட்டில், பீரோ, அண்டா போதும், பழைய காலத்தில் அதற்குத்தானே மாடு வந்தது. கூடவே, கீழக்கரையில் நன்றாக விளையாடிய மாட்டுக்கு அடுத்த தை அலங்காநல்லூரில் டோக்கன் உறுதி என்று வைத்தால் பணப்பரிசைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

நடத்துவது யார் என்பதும் இப்போதே பேச வேண்டிய விஷயம். அவனியாபுரத்தில் கமிட்டி யாருடையது என்ற தகராறு நீதிமன்றம் வரை போய், மாவட்ட நிர்வாகமே நடத்தும்படி ஆனது எல்லாருக்கும் தெரியும். கீழக்கரைக்குக் கமிட்டி என்று ஒன்று முளைத்தால் முதல் வருஷமே அந்த வியாதி தொற்றும். கட்டியது அரசு, நடத்துவதும் மாவட்ட நிர்வாகமாகவே இருக்கட்டும். மூன்று ஊர்க் கமிட்டியிலிருந்தும் மாடு தெரிந்த பெரியவர்கள் சிலர் ஆலோசனைக்கு உட்கார்ந்தால் போதும்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டாம், புதுக் கட்டடமும் வேண்டாம். இணையப் பதிவுப் படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும்: "மூன்று ஊரிலும் டோக்கன் கிடைக்காவிட்டால் கீழக்கரைப் போட்டிக்குச் சம்மதமா?" அதில் எத்தனை மாட்டுக்காரர்கள் ஆம் என்று தட்டுகிறார்கள் என்று ஒரு பொங்கல் பார்த்துவிட்டு, எத்தனை வாரம் நடத்தலாம் என்று தேதி குறிக்கலாம்.